தோட்டத்துப் பைன் மரம்: கிளை கழிக்கலாமா, விட்டுவிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் செராங்கூன் கார்டன்ஸில் உள்ள மாமனார் வீட்டுத் தோட்டத்தைப் பல வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஒரு 'பைன்' மரம் இருக்கிறது (அது உண்மையில் பைன் இல்லை, அதைக் கீழே சொல்கிறேன்). அதைப் பார்த்துவிட்டோ, அதற்கு நடந்ததைக் கேள்விப்பட்டோ, தரைவீட்டில் இருக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மர வல்லுநர் இல்லை. தப்பு செய்து, அப்புறம் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டவன்.

என் வீட்டில் இருப்பது பைன் மரம்தானா?

பெரும்பாலும் இல்லை. இந்த ஊரில் ஊசி ஊசியாக இலை இருந்தால் எல்லாமே பைன்தான். ஆனால் எது என்ன மரம் என்று தெரியாமல் ரம்பத்தை எடுக்கக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் வெட்டுக்கு ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

ஒரு 'ஊசியை' எடுத்து இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ரயில் பெட்டி கழன்றதுபோல் கணுவில் சட்டென்று பிரிந்து வந்தால் அது சவுக்கு. ஈஸ்ட் கோஸ்ட்டிலும் சாங்கிக் கடற்கரையிலும் நிற்கிறதே, அதேதான். தமிழ்நாட்டில் சாரம் கட்டவும் பந்தல் போடவும் சவுக்குக் கம்பு என்று வாங்குவோமே, அதுவும் இதுதான். சவுக்கு ஊசியிலை மரமே அல்ல, பூக்கும் மரம். நாம் ஊசி என்று நினைப்பது அதன் பச்சைக் குச்சி. இலை என்பது அந்தக் கணுவில் பல் பல்லாக ஒட்டியிருக்கும் சின்னச் செதில். கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒரு கணுவுக்கு 6 முதல் 8 வரை எண்ணலாம்.

இழுத்தால் பிரியாமல், இரண்டு அல்லது மூன்று ஊசிகள் அடியில் ஒரு சின்ன உறையால் கட்டப்பட்டு ஒரு கொத்தாகக் கையோடு வந்தால், அது நிஜமான பைன். இந்தப் பக்கத்துப் பைன் என்றால் சுமத்ராப் பைன்தான்; பைன் இனங்களிலேயே இயற்கையாகப் பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே போனது அது ஒன்றுதான். அதற்குக் கொத்துக்கு இரண்டு ஊசி. கரீபியப் பைனுக்குப் பெரும்பாலும் மூன்று.

குடைக்கம்பி மாதிரி கிளைகள் தட்டுத் தட்டாக, ஒவ்வொரு தட்டும் ஒரே மட்டத்தில் நின்றால் அது நார்ஃபோக் தீவுப் பைன் அல்லது அதன் தம்பியான குக் பைன். கிறிஸ்துமஸுக்கு நர்சரியில் சின்னத் தொட்டியில் விற்பது இந்த வகைதான். பெயரில் பைன் இருந்தாலும் இது அரோகேரியா என்ற வேறு குடும்பம். மாமனார் வீட்டில் இருப்பதும் இதுவே. சீன நண்பர்கள் வாசலில் மேகம் மேகமாக வெட்டி வைத்திருக்கும், விரல் நீளத்துக்குத் தட்டையான இலை உள்ள மரம் போடோகார்ப்பஸ். அது வேறு சாதி. கத்தரிக்கு நன்றாகவே பணிந்து போகும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் கவலைப்பட வேண்டாம்.

மரம் நன்றாகத்தான் இருக்கிறது. வெட்டித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். நோய் இல்லாத, இடம் உள்ள ஒரு ஊசியிலை மரத்துக்குக் கவாத்து என்பது தேவையே இல்லை. ரோஜா, கொய்யா, திராட்சை எல்லாம் வெட்டினால் நன்றாகப் பூக்கும் காய்க்கும். இதில் நமக்குக் காயும் வேண்டாம், பூவும் வேண்டாம். நிழலும் அழகும் போதும், அதை மரம் தானே பார்த்துக்கொள்ளும்.

வெட்டுவதற்கு நியாயமான காரணம் என்றால் எனக்குத் தெரிந்து நாலைந்துதான். செத்த கிளை, அது எப்போது வேண்டுமானாலும் தலையில் விழும். கூரையையோ சுவரையோ உரசும் கிளை. நடக்கும் வழியில் முகத்தில் குத்தும் கீழ்க்கிளை. ஒன்றோடொன்று தேய்ந்து தோலுரியும் கிளைகள். அப்புறம், நடுத்தண்டு இளசிலேயே இரண்டாகப் பிரிந்திருப்பது. இந்தக் கடைசியைக் கட்டைவிரல் பருமனில் இருக்கும்போதே சரிசெய்துவிட வேண்டும். இரண்டும் தொடை பருமனாகி, நடுவில் பட்டை மாட்டிக்கொண்டு நிற்கும்போது கை வைத்தால் பெரிய வேலையாகிவிடும்.

'ரொம்ப நாளாச்சு, ஏதாவது பண்ணணும்' என்பது காரணம் இல்லை. 'ஆள் வந்திருக்கார், மாமரத்தோட சேர்த்து இதையும் வெட்டிடட்டும்' என்பது அதைவிட மோசம்.

ரொம்ப உயரமாகிவிட்டது. உச்சியை மட்டும் வெட்டிவிட்டால் என்ன?

இதைத்தான் நாங்கள் செய்தோம்.

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது மாமா ஒரு டிசம்பரில் தொட்டியில் வாங்கிவந்த செடி. பண்டிகை முடிந்ததும் பின்பக்கம் நட்டார், மறந்துவிட்டார். அது இரண்டாம் மாடி ஜன்னலைத் தாண்டி, கூரையைத் தாண்டிப் போனது. ஒருநாள் காலையில் வீசிய காற்றில் அது ஆடியதைப் பார்த்து அத்தை பயந்துவிட்டார். தோட்ட வேலைக்கு வழக்கமாக வரும் ஆளிடம் சொன்னோம். அவர் 'நோ ப்ராப்ளம், பாஸ்' என்று மேலே ஏறி, உச்சியில் ஆறேழு அடியை ஒரே வெட்டில் இறக்கிவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை, சொன்னது நாங்கள்.

பிறகு நடந்ததுதான் பாடம். வெட்டிய இடத்துக்குக் கீழே தண்டிலிருந்து மூன்று குருத்துகள் நேராகக் கிளம்பின. இரண்டு வருடத்தில் மரத்தின் தலையில் யாரோ திரிசூலம் குத்தி வைத்ததுபோல் ஆகிவிட்டது. எதிர்வீட்டுப் பாட்டி 'உங்க வீட்டு மரத்துக்குச் சாமி வந்துடுச்சு' என்று சிரிப்பார். பார்க்க ஏதோ போலிருந்தது ஒரு பக்கம். உண்மையான தொல்லை என்னவென்றால் அந்த மூன்றும் வெட்டுப்பட்ட தண்டின் ஓரத்தில் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு வளர்ந்தவை, பிறப்பிலேயே உள்ளே வேர்பிடித்த கிளைபோல அவற்றுக்குப் பிடிப்பு இல்லை. அடுத்த சூறைக்காற்றில் ஒன்று பிய்ந்து பக்கத்து வீட்டுக் கார் கூரையில் விழுந்தது. பாதுகாப்புக்காக வெட்டப்போய், அதுவரை இல்லாத ஆபத்தை நாங்களே வளர்த்தோம்.

அரோகேரியாவில் ஒரு வினோதம் உண்டு. பக்கக் கிளைக்கு மேல்நோக்கி வளரவே தெரியாது. பக்கக் கிளையை வெட்டி நட்டால்கூட அது தரையோடு படுத்துத்தான் வளருமே தவிர நிமிர்ந்து மரமாகாது. அதனால் உச்சி போனால், பக்கத்துக் கிளை ஒன்று எழுந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. நிஜமான பைனிலும் உச்சியை வெட்டுவது கெடுதல்தான், வடிவம் போவதோடு அந்தப் பெரிய வெட்டுக்காயம் வழியாகத் தண்டு மேலிருந்து கீழே அழுகத் தொடங்கும்.

உயரம் உண்மையிலேயே ஒத்துவரவில்லை என்றால், முழு மரத்தையும் எடுத்துவிட்டு இடத்துக்கு ஏற்ற வேறொன்றை நடுவதுதான் நேர்மையான வழி. அரை மரம் வைத்துக்கொள்வது யாருக்கும் நல்லதில்லை.

உயரமான மரம் என்றாலே காற்றில் விழும் என்பது சரிதானே?

உயரத்தை விட வேர்தான் முக்கியம். ஆடுவது மரத்தின் குணம், ஆடாமல் விறைத்து நிற்பதுதான் முறியும். நீங்கள் பார்க்க வேண்டியது அடிப்பக்கம்: மண் ஒரு பக்கம் வெடித்து மேலெழும்பி இருக்கிறதா, அடித்தண்டில் தட்டுக் காளான் வந்திருக்கிறதா, போன மாதம் நேராக இருந்தது இந்த மாதம் சாய்ந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

பல வருடமாகச் சாய்ந்தே நிற்கும் குக் பைனைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அந்த மரத்துக்குச் சாய்வு ஒரு பழக்கம். உலகம் முழுவதும் அளந்து பார்த்து 2017இல் ஆய்வாளர்கள் சொன்னது: அது எங்கே நட்டாலும் பூமத்திய ரேகையின் பக்கமாகச் சாய்கிறது, வடக்கே நட்டால் தெற்குப் பக்கம், தெற்கே நட்டால் வடக்குப் பக்கம். ரேகையை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சாய்வும் கூடுகிறதாம். நாம் ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் நம் ஊர் மரம் எந்தப் பக்கம் சாய்வது என்று குழம்பிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

முருங்கையை மொட்டையடித்தாலும் துளிர்க்கிறது. பைன் துளிர்க்காதா?

துளிர்க்காது, நிஜமான பைனைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

முருங்கை, வேம்பு, சாலையோரத்து அங்சனா எல்லாம் பட்டைக்கு அடியில் தூங்கும் மொட்டுகளை வைத்திருக்கின்றன. எங்கே வெட்டினாலும் அங்கிருந்து எழுந்துவரும். பெரும்பாலான பைன் இனங்களுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. பச்சை ஊசி இருக்கும் பகுதிவரைதான் கிளைக்கு உயிர். ஊசி இல்லாத வெறும் மரக்கட்டைப் பகுதியில் வெட்டினீர்கள் என்றால் அந்தக் கிளை அங்கேயே முடிந்தது, மிச்சம் இருக்கும் கட்டை காய்ந்து நீட்டிக்கொண்டு நிற்கும். கேனரித் தீவுப் பைன் போல ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு, ஆனால் உங்கள் வீட்டில் அது இருக்க வாய்ப்பு குறைவு.

அதனால் உங்களுக்கு இரண்டே வழிகள்தான். கிளையைச் சுருக்க வேண்டும் என்றால் பச்சை இருக்கும் எல்லைக்குள்ளேயே, உயிருள்ள ஒரு சின்னப் பக்கக் கிளைக்கு மேலே வெட்டுங்கள். இல்லையென்றால் தண்டோடு முழுசாக எடுத்துவிடுங்கள். நடுவில் எங்கேயோ 'சும்மா கொஞ்சம்' என்று வெட்டுவது கிடையாது.

சவுக்கு இதில் நடுத்தரம். இளசில் வேலிபோல் வெட்டி வளர்க்கலாம், கேட்கும். முதிர்ந்த மரத்தை மொட்டையடித்தால் அதுவும் சிரமப்படும்.

வெட்டாமல் அடர்த்தியாக, சிறியதாக வைத்துக்கொள்ள வழி உண்டா?

நிஜமான பைனுக்கு உண்டு. கிளை நுனியில் புதுக் குருத்து மெழுகுவத்திபோல் நிமிர்ந்து எழும், ஊசிகள் இன்னும் விரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் அதைப் பாதியாகக் கையால் கிள்ளிவிடுங்கள். முறுக்கின் நுனியை ஒடிப்பதுபோல் 'டப்' என்று வரும். மீதிப் பாதியில் புது மொட்டுகள் வந்து கிளை அடர்ந்துகொள்ளும். கத்தரி வேண்டாம், கத்தரியால் வெட்டினால் சுற்றியுள்ள ஊசிகளின் முனையும் சேர்ந்து வெட்டுப்பட்டுப் பழுப்பாகிவிடும்.

குளிர்நாட்டுத் தோட்டப் புத்தகங்களில் இதை வசந்தத்தில் செய் என்று போட்டிருக்கும். நமக்கு ஏது வசந்தம்? இங்கே பைன் வருடத்தில் பல தடவை குருத்து விடும், அதுவும் எல்லாக் கிளையிலும் ஒரே நேரத்தில் வராது. காலண்டரைப் பார்க்காமல் குருத்தைப் பார்த்துக் கிள்ள வேண்டியதுதான்.

புக்கிட் தீமாவில் ஒரு நண்பர் வீட்டில் கரீபியப் பைன் இருக்கிறது. அது பக்கக் கிளையே விடாமல் நரிவால் மாதிரி ஒற்றையாக மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. தான் ஏதோ தப்பாக வெட்டிவிட்டதாக அவர் ரொம்ப நாள் வருத்தப்பட்டார். தப்பு அவருடையது இல்லை. குளிர்காலம் இல்லாத இடங்களில் அந்த இனம் சில சமயம் ஓய்வே எடுக்காமல் அப்படி வளரும், நரிவால் வளர்ச்சி என்றே அதற்குப் பெயர்.

உள்பக்கம் ஊசியெல்லாம் பழுப்பாகிக் கொட்டுகிறது. நோயா?

தண்டுக்கு அருகில் இருக்கும் பழைய ஊசிகள் என்றால் இயல்பு. பைன் ஊசிக்கும் ஆயுள் உண்டு, சில வருடத்தில் உதிரும். நுனியில் புது ஊசிகள் பழுத்தாலோ, ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்தாலோதான் கவலை.

சரி, ஒரு கிளையை எடுத்தே ஆக வேண்டும். எப்படி வெட்டுவது?

கைக்கு எட்டும், கைமணிக்கட்டை விட ஒல்லியான கிளை என்றால் நீங்களே செய்யலாம்.

கிளை தண்டில் சேரும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே கொஞ்சம் உப்பலாக, சுருக்கம் விழுந்த ஒரு வளையம் தட்டுப்படும். கிளைக்கழுத்து என்று சொல்லலாம். காயத்தை மூடும் திசு அங்கேதான் இருக்கிறது, அது மரத்துக்குச் சொந்தம், அதைத் தொடக் கூடாது. அழகாக இருக்கட்டும் என்று தண்டோடு தண்டாக வழித்து வெட்டுவதும் தப்பு, கோட்டு மாட்ட வசதியாக ஒரு சாண் விட்டு வெட்டுவதும் தப்பு. வளையத்துக்குச் சற்று வெளியே, அவ்வளவுதான்.

ஆனால் முதல் வெட்டையே அங்கே போடாதீர்கள். கிளையின் பாரம் பாதி வெட்டிலேயே கீழே இழுத்து, தண்டின் பட்டையை வாழைநார்போல் உரித்துக்கொண்டு போய்விடும். முதலில் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கீழ்ப்பக்கமிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுங்கள். இரண்டாவது, அதற்கு ஒரு அங்குலம் வெளியே, மேலிருந்து கீழே. கிளை சத்தமில்லாமல் விழும். இப்போது பாரம் இல்லாத ஒரு அடிக் கட்டைதான் மிச்சம், அதைக் கையால் தாங்கிக்கொண்டு கழுத்துக்கு வெளியே நிதானமாக அறுத்து எடுங்கள்.

ரம்பம் கூர்மையாக இருக்கட்டும். பிசின் ஒட்டிக்கொண்டு அறுக்க விடாது, பாதியில் நின்றுவிடும். ஒரு துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு ரம்பத்தைத் துடைத்தால் போய்விடும். கையில் ஒட்டியதற்கும் அதே எண்ணெய்தான், சோப்பு போட்டால் இன்னும் இழுத்துக்கொள்ளும். நல்ல சட்டையோடு போகாதீர்கள், அனுபவம்.

வெட்டிய இடத்தில் என்ன பூசுவது? அம்மா சாணி என்கிறார், மாமா பெயின்ட் என்கிறார்.

எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டில் மஞ்சள் குழைத்து அப்பினோம், பார்க்க மங்கலகரமாக இருந்தது, வேறு பயன் இல்லை. பைன் தன் காயத்தில் தானே பிசினை வடித்து மூடிக்கொள்ளும். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாக்கில் அறுத்துப் பார்த்துச் சொன்னது, மரத்தின் காயம் நம் தோல்போல் ஆறுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது என்று. மேலே பெயின்ட் பூசினால் அந்தச் சுவர் வலுவாகப் போவதில்லை, நம் ஊர் ஈரத்தில் உள்ளே புழுங்கத்தான் செய்யும்.

எத்தனை கிளை எடுக்கலாம்? காற்று புகுந்து போக நடுவில் காலி செய்யச் சொல்கிறார்கள்.

உயிருள்ள பச்சையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு வருடத்தில் எடுக்காதீர்கள், முதிர்ந்த மரம் என்றால் அதற்கும் குறைவாக. கீழ்க்கிளைகளை எடுத்துக்கொண்டே போனாலும் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது பச்சையோடு இருக்க வேண்டும்.

உள்கிளைகளை எல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் குஞ்சம் விடுவது, சிங்கத்தின் வால் மாதிரி, நிறையப் பேர் செய்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது என்று வேறு பாராட்டுவார்கள். ஆனால் பாரம் முழுக்க நுனிக்குப் போய், காற்றில் கிளை சவுக்கடிபோல் வீசி முறியும். காற்று புகட்டும் என்று செய்ததே கிளையை ஒடிக்கிறது. பைனில் உள்பக்கம் போன கிளை திரும்பி வராது என்பதால் இதைச் சரிசெய்யவும் முடியாது.

எந்த மாதம் நல்லது?

செத்த கிளைக்கு மாதம் பார்க்க வேண்டாம். பச்சைக் கிளை என்றால் வடகிழக்குப் பருவமழையின் கொட்டும் நாட்கள் முடிந்து, பிப்ரவரி, மார்ச் பக்கம் கொஞ்சம் வெயில் அடிக்கும்போது செய்வது என் பழக்கம். காயம் உலர்ந்திருக்கும், ஆளும் வழுக்காமல் நிற்கலாம். விடியலுக்கு முன்பும் காலையிலும் வந்து உலுக்கிவிட்டுப் போகும் சுமத்ரா சூறைக்காற்று அதற்குப் பிறகுதான் தொடங்கும், அதற்குள் செத்த கிளைகள் இறங்கியிருக்கும். ஆனால் வாரக்கணக்கில் மழையே இல்லாமல் புல் எல்லாம் மஞ்சளாகிவிட்டால், 2014 பிப்ரவரியில் ஆனதுபோல், மரத்தைத் தொடாதீர்கள். அப்போது அதற்குத் தண்ணீர்தான் தேவை.

வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். மாங்குயிலோ தேன்சிட்டோ குஞ்சு வைத்திருந்தால் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுவதால் ஒன்றும் ஆகிவிடாது.

என் வீட்டு மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா?

இடத்தைப் பொறுத்தது. சிங்கப்பூரில் மரப் பாதுகாப்பு வட்டாரங்கள் என்று இரண்டு உண்டு, 1991இல் அறிவித்தது. ஒன்று தங்லின், புக்கிட் தீமாவை உள்ளடக்கிய மத்தியப் பகுதி, இன்னொன்று சாங்கிப் பக்கம். அங்கேயும் காலி நிலங்களிலும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்தால் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் இருக்கும் மரத்தைத் தேசிய பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. சொந்த வீடு, சொந்த மரம் என்ற பேச்சு எடுபடாது. அபராதம் 50,000 வெள்ளி வரை போகலாம். டேப்பை எடுத்து இப்போதே அளந்துவிடுங்கள். குறுக்களவை அல்ல, சுற்றளவை. 1 மீட்டர் சுற்றளவு என்பது குறுக்கே வெறும் 32 சென்டிமீட்டர்தான், சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவே. கிளை கழிப்பதுதானே என்று நினைத்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கேட்டுக்கு வெளியே, சாலையோரப் புல்வெளியில் நிற்கும் மரம் உங்களுடையது இல்லை. அதில் கை வைக்காமல் ஒன்சர்வீஸ் செயலியில் படம் எடுத்துப் போடுங்கள். கூட்டுரிமை வீட்டில் இருப்பவர்கள் நிர்வாகக் குழுவிடம் கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் கிளை தன் பக்கம் வருகிறது என்கிறார்.

முதலில் போய்ப் பாருங்கள், அவர் வாசலில் நின்று உங்கள் மரத்தைப் பாருங்கள். நம் பக்கத்திலிருந்து அழகாகத் தெரிவது அவருக்குத் துணி காயப்போடும் கம்பியில் ஊசியாகக் கொட்டிக்கொண்டிருக்கும். நீங்களே நல்ல ஆளை வைத்து முறையாக எடுத்துக்கொடுத்துவிடுவது மேல், ஏனென்றால் அவர் தன் எல்லையில் வெட்ட ஆரம்பித்தால் சுவருக்கு நேராக, வரைகோல் வைத்ததுபோல் நடுக்கிளையில்தான் வெட்டுவார், மிச்சக் கட்டை காய்ந்து உங்கள் பக்கம் நிற்கும். பேச்சு முற்றிவிட்டால் சமூக சமரச நிலையம் இருக்கிறது. ஒரு டப்பா முறுக்கோடு போனால் பெரும்பாலும் அதுவரை போகாது.

நானே ஏறலாமா?

கூடாது. ஏணியில் நின்றபடி ரம்பம் பிடிப்பதும் கூடாது. வீட்டுப் பணிப்பெண்ணை ஏற்றுவது பாவம், அதைச் சொல்லவே தேவையிருக்கக் கூடாது, ஆனால் நான் பார்த்திருக்கிறேன். தரையில் இரண்டு காலும் ஊன்றியபடி முடிகிற வேலை உங்களுடையது, மற்றது எல்லாம் கயிறு கட்டி ஏறத் தெரிந்தவருடையது.

ஐஎஸ்ஏ (சர்வதேச மரவளர்ப்புச் சங்கம்) சான்றிதழ் பெற்ற ஆர்பரிஸ்ட், அதாவது மர வல்லுநரா என்று கேளுங்கள். அதற்கும் மேல் நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: 'ஆணி வைத்த பூட்ஸ் போட்டு ஏறுவீங்களா?' ஆமாம் என்றால் வேண்டாம், உயிரோடு வைத்துக்கொள்ளப் போகும் மரத்தில் அந்த ஆணி போடும் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு காயம். முழுசாக வெட்டி எடுக்கப்போகும் மரம் என்றால் போடட்டும். இன்னொன்று, 'உச்சியை எவ்வளவு இறக்கணும்?' என்று அவரே முதலில் கேட்டாலும் வேண்டாம்.

இடி விழுமே?

விழலாம். நம் ஊரில் இடிமழைக்குக் குறைவே இல்லை. உச்சியை வெட்டுவதால் மரம் இடிக்குத் தப்பிவிடாது. இங்குள்ள பாரம்பரிய மரங்கள் சிலவற்றுக்கு இடிதாங்கி பொருத்தியிருக்கிறார்கள். உங்கள் மரம் வீட்டை விட உயரமாக, சுவரை ஒட்டி நின்றால் அதைப் பற்றி விசாரிக்கலாம்.

தண்டில் மண் அப்பியது போல் இருக்கிறது.

சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக ஓடினால் கறையான். செத்த மரத்தை மட்டும்தான் கறையான் தின்னும் என்று நினைக்காதீர்கள், இந்த வட்டாரத்தில் உயிருள்ள பைனையும் அரோகேரியாவையும் ரப்பர் மரத்தையும் தாக்கும் இனம் இருக்கிறது. இதற்குக் கவாத்து மருந்தல்ல. கறையான் ஆளைக் கூப்பிடுங்கள், மரத்துக்கு மட்டுமில்லை, வீட்டுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டைப் புதுப்பிக்கிறோம், மரத்தையும் கொஞ்சம் குறைத்துவிடலாமா?

அப்போது கிளையை விட்டுவிடுங்கள், வேரைக் காப்பாற்றுங்கள். கிளை பரப்பு எவ்வளவோ அதற்கும் வெளியே வேர் போயிருக்கும், அதுவும் மேல்மண்ணிலேயே. அதன்மேல் செங்கல் இறக்கி, லாரியை நிறுத்தி, சிமென்ட் கழுவிய தண்ணீரை ஊற்றினால் மரம் உடனே சாகாது. ஒன்றிரண்டு வருடம் கழித்துக் காயும், அப்போது யாருக்கும் காரணம் ஞாபகம் இருக்காது. வேலை தொடங்கும் முன்பே சுற்றி வேலி போடச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

உதிர்ந்த ஊசியை என்ன செய்வது?

மரத்தடியிலேயே மூன்று விரல் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள், தண்டைத் தொடாமல். களை வராது, ஈரம் நிற்கும். மண் புளித்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், அப்படிக் குறிப்பிடும்படி ஒன்றும் ஆகாது. வெட்டிய கிளையை எரிக்க முடியாது, இங்கே திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை; வெட்ட வருபவரே எடுத்துப்போக வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கூரையில் தண்ணீர் போகும் கால்வாயில் மட்டும் ஊசி சேர விடாதீர்கள். பாய் பின்னியதுபோல் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் தேங்கும், கொசு முட்டையிடும், அப்புறம் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி டார்ச் லைட்டோடு வருவார்.

தெரியாமல் உச்சியை ஏற்கெனவே வெட்டிவிட்டோம். இனி என்ன செய்வது?

கிளம்பும் குருத்துகளில் நேராகவும் தண்டோடு நன்றாக ஒட்டியும் இருக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பென்சில் பருமனிலேயே எடுத்துவிடுங்கள். நாங்கள் தாமதித்துவிட்டோம். பிய்ந்து விழுந்தது போக இருந்த இரண்டில், சற்று ஒல்லியானதை முறையாகக் கயிறு கட்டி ஏறும் ஒரு பெண் வந்து எடுத்துக்கொடுத்தார். இறங்கியதும் மீதியுள்ள ஒன்றைக் காட்டி, 'வருடத்துக்கு ஒருமுறை அந்த ஒட்டைப் பார்க்கணும், வேற எதையும் தொடாதீங்க' என்றார். அதனால் ஒவ்வொரு மார்ச்சிலும் மாமா மாடி ஜன்னலில் நின்று பைனாகுலரில் பார்க்கிறார், நான் கீழே நிற்கிறேன். அந்த இடத்தில் தண்டு இன்னும் கொஞ்சம் கோணல்தான்.